வெறும் தூளிக்கு எடை போட்டது

நான் எழுதிய ஒரே நாடகத்தில் மூன்று பேர்தான். ஒரு அப்பா, ஒரு அம்மா, எடை பார்க்க வரும் அதிகாரி. குழந்தை கிடையாது. மேடை நடுவில் ஒரு சேலைத் தூளி தொங்கும். அதில் ஒன்றும் இருக்காது. மாதாமாதம் அதிகாரி வருவார், கொக்கித் தராசில் தூளியை மாட்டுவார், முள் நகராது. "போன மாசத்தைவிட நூறு கிராம் குறைஞ்சிருக்கே, ஒழுங்கா பால் குடுக்கறீங்களா?" என்பார். அப்பாவும் அம்மாவும் கையைப் பிசைவார்கள். குழந்தை இல்லை என்பதை மூவரில் ஒருவரும் கடைசிவரை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அபத்த நாடகம் என்று துண்டறிக்கை அடித்தோம். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் அதை என் எழுத்தைப் பற்றிய எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டு தயாராகவே வந்தார்கள்.

நான் நகைச்சுவை எழுதுகிறவன். எதை எழுதினாலும் சிரிப்பு எங்கே விழுகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும் வியாதி உண்டு. இந்த நாடகத்தில் பெரிய சிரிப்பு ஒரே இடத்தில்தான் விழும். அம்மாவாக நடிக்கிறவள் அதிகாரியிடம், "பால் கட்டிக்கிட்டு வலிக்குது. இத நான் எங்க கொண்டுபோய் குடுக்கறது?" என்று கேட்பாள். அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அதுக்குத் தனி கவுன்ட்டர். மூணு மணிக்கு மேல வாங்க" என்பார். வேலூரில் மூன்று முறை போட்டோம். மூன்று முறையும் அரங்கம் குலுங்கியது. அரங்கம் என்றால் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடம், இருந்தாலும் குலுங்கியது.

அதிகாரியின் பதில் என்னுடையது. கேள்வி என்னுடையது இல்லை. அது என் மனைவி கேட்டது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜவ்வாது மலையில் ஒரு ஆபீசில் எனக்கு குமாஸ்தா வேலை. அவளுக்கு இருபத்தொன்று, எனக்கு இருபத்தாறு. குழந்தை பதினோரு நாள் இருந்தது. பெயர் வைக்கப் பதினாறாம் நாள் குறித்திருந்தோம். காய்ச்சல் என்று ஜீப்பில் கீழே இறங்கினோம். பாதி வளைவுகள் தாண்டுவதற்குள் திரும்பி மேலே ஏற வேண்டியதாகிவிட்டது. விஷயம் தெரியாத நர்ஸம்மா அடுத்த வாரம் எடை பார்க்கத் தராசோடு வந்தார். மனைவி அவரை உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தாள். அந்தக் கேள்வியை அவரிடம்தான் கேட்டாள். நான் உள் அறையில் கதவுக்குப் பின்னால் நின்றேன். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் பேசவில்லை என்று எழுதுவதுதான் சரி.

வேலூரில் நாடகம் நடந்த மூன்று நாளும் மனைவிக்கு ஏதாவது ஒரு வேலை வந்தது. வந்தது என்பது மரியாதைக்கு, நான்தான் வரவழைத்தேன். தன் வாயிலிருந்து விழுந்ததை எடுத்துச் சிரிப்புக்கு வைத்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியக்கூடாது.

அதிகாரியாக நடிப்பவர் ஜவ்வாது மலைக்காரர், வேலூரில் டயர் கடை வைத்திருக்கிறார். "எங்க ஊர்ல ஒரு தபா போடணும் சார்" என்று ஒரே பிடியாய் நின்றார். போனில் நாங்கள் பேசியது மனைவி காதில் விழுந்துவிட்டது. "நானும் வர்றேன். அந்த மலையப் பாத்து எவ்ளோ வருஷமாச்சு" என்றாள். அந்த நாளுக்கென்று ஒரு வேலையை என்னால் உற்பத்தி செய்ய முடியவில்லை.

போளூரிலிருந்து ஜீப்பில் போகும்போது அவளிடம் சொல்லியிருக்கலாம். இல்லையென்றால் நடிக்கிற பெண்ணிடம், "இன்னிக்கு அந்த வரி வேணாம்மா" என்றிருக்கலாம். ஒரு வரியை எடுத்தால் நாடகம் நொண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நொண்டாது. கைதட்டல் ஒன்று குறையும், அவ்வளவுதான்.

மத்தியானம் மூன்று மணிக்கு, ஒரு பெரிய புளியமரத்தடியில் நாடகம். கிளையிலேயே தூளியைக் கட்டினோம். பெண்கள் முன்னால் தரையில், ஆண்கள் பின்னால் நின்றபடி. மனைவி பெண்களோடு போய் உட்கார்ந்துகொண்டாள். நான் மரத்துக்குப் பின்னால். எனக்கு அவள் முகம் தெரிந்தது, கொஞ்சம் பக்கவாட்டில்.

முதல் காட்சியில் அப்பாவும் அம்மாவும் பேசாமல் மாறி மாறித் தூளியை ஆட்ட வேண்டும். இரண்டு நிமிஷம். வேலூரில் இந்த மௌனத்தைப் பற்றி ஒருவர் என்னிடம் ஆழமாகப் பேசியிருக்கிறார். இங்கே அரை நிமிஷத்தில், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் எழுந்துவிட்டாள்.

"வெறுந் தூளிய ஆட்டாதக்கா. நிறுத்து மொதல்ல."

வெறும் தொட்டிலை ஆட்டக்கூடாது என்று எனக்கும் சின்ன வயதிலிருந்து தெரியும். ஆட்டினால் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். குறியீடு என்று வந்ததும் மறந்துவிட்டது. நடிக்கிற பெண் ஆட்டுவதை நிறுத்திவிட்டு மரத்துப் பக்கம் பார்த்தாள். நான் ஆட்டும்படி கையைக் காட்டினேன். அவள் ஆட்டினாள்.

"இன்னா இது, சொல்லச் சொல்ல" என்று பக்கத்திலிருந்த அம்மாள் ஒருவர் எழுந்தார். துண்டில் மூட்டையாகக் கட்டி வைத்திருந்த சாமையைக் கொண்டுவந்து தூளிக்குள் வைத்தார். "இப்ப ஆட்டு. எவ்ளோ நேரம் வேணா ஆட்டு" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். கூட்டம் திருப்தியாகிவிட்டது.

என் நாடகம் அந்த இடத்திலேயே முடிந்துபோனது. மற்றவர்கள் அதைத் தொடர்ந்து நடத்தினார்கள். அதிகாரி வந்து தூளியைத் தராசில் மாட்டினார். முள் நகர்ந்துவிட்டது. குறைகிறது என்று சொல்ல வேண்டியவர், பழகிய தராசைப் பார்த்த டயர் கடைக்காரராகி, "ரெண்டே முக்கா கிலோ" என்று உள்ளதைச் சொன்னார். "பரவால்லயே, தேறிடும்" என்றது ஒரு குரல்.

எங்கள் குழந்தையும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருந்தது. மனைவி தூளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் அந்த வரி வந்தது. "பால் கட்டிக்கிட்டு வலிக்குது. இத நான் எங்க கொண்டுபோய் குடுக்கறது?"

மனைவியின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. வலது கை மட்டும் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. அதிகாரி வாயைத் திறப்பதற்குள் சாமை வைத்த அம்மாள் பதில் சொல்லிவிட்டார்.

"எங்கியும் குடுக்க வேணாம்மா. மல்லிப்பூவ மார்ல வச்சு இறுக்கிக் கட்டு. ரெண்டு நாள்ல வத்திடும்."

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், குழந்தை போன நாலாம் நாள், நான் ஆபீஸ் வேலையாகப் போளூர் இறங்கக் கிளம்பினேன். "வரும்போது மல்லிப்பூ ரெண்டு முழம் வாங்கினு வாங்க" என்றாள் மனைவி. நான் அவளை ஒரு மாதிரி பார்த்து, "இந்த நேரத்துல பூவா?" என்று கேட்டேன். துக்கத்தில் புத்தி தடுமாறுகிறது என்று முடிவு கட்டி, பெரிய மனசு பண்ணி, யாரிடமும் அதைச் சொல்லாமல் விட்டேன். புத்தகம் நிறையப் படித்தவன். மல்லிப்பூ தலைக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாங்காமலே மலை ஏறினேன்.

அவள் எத்தனை நாள் அந்த வலியோடு இருந்தாள் என்று இப்போதும் தெரியாது.

"அப்போ இங்க மல்லி கெடைக்காதுங்களே" என்றாள் மனைவி. நாடகத்துக்குள் அவளும் பேச ஆரம்பித்ததை யாரும் வித்தியாசமாக எடுத்துக்கொள்ளவில்லை.

"கீழ போற வூட்டுக்காரன்கிட்ட சொன்னா வாங்கியாந்து குடுக்கறான்."

"சொன்னேன்."

"வாங்கியாரலியா?"

மனைவி கொஞ்சம் யோசித்தாள். "மறந்துட்டாரு" என்றாள்.

"ஆம்பளைங்களே அப்டிதான்" என்றார் அம்மாள். அன்றைக்கு முதல் தடவையாகப் பெண்கள் சிரித்தார்கள். நான் மறக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். நான் மரத்தை விட்டு வெளியே வரவில்லை. கதவு, மரம், எனக்கு எப்போதும் ஏதாவது ஒன்று கிடைத்துவிடுகிறது.

இறங்கும்போது ஜீப்பில் நாங்கள் பின்சீட்டில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். வளைவுகளை அவள் எண்ணுகிறாள் என்று தோன்றியது.

"எதுக்குன்னு அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீங்க கேட்ட விதத்துல சொல்ல வரல."

இரண்டு வளைவு போயிற்று.

"அந்த எடத்துல கீழ வேலூர்ல சிரிப்பாங்களா?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல நேரம் இருந்தது. "சிரிப்பாங்க" என்றேன்.

"நெறயவா?"

"நெறய."

தலையை ஆட்டினாள். ஒரு தகவலைக் குறித்துக்கொள்வது போல. போளூர் பஸ் ஸ்டாண்டில் பூக்காரம்மா, "மல்லி போடட்டா சார், கடைசி பந்து" என்று கேட்டார். நான் சட்டைப்பையில் கை வைத்தேன். "வேணாங்க. பஸ் வந்துடும்" என்றாள் மனைவி. பஸ் வர இன்னும் அரைமணி இருந்தது.

அடுத்த மாதம் வேலூரில் மறுபடி போடுவதாக இருக்கிறது. நேற்று ஒத்திகை. தனி கவுன்ட்டர் வரியை அடித்துவிட்டேன், கேள்வி மட்டும் இருக்கட்டும் என்று. மனைவியைக் கேட்டுத்தான் கேள்வியை வைத்தேன். "இருந்துட்டுப் போவட்டும்" என்றாள். பார்க்க வருவதாகவும் சொல்லியிருக்கிறாள்.

டயர் கடைக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்தம்மா கேக்கறாங்க. நான் அங்க இன்னா சார் பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா நில்லுங்க."

"எவ்ளோ நேரம் நிக்கறது?"

இருபத்திரண்டு வருஷம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். அவர் தராசைக் கையில் பிடித்துக்கொண்டு, தூளிப் பக்கத்தில் போய் நின்றார்.