பதினொரு தடவை ‘இமேஜ்’

பெங்களூரில் எங்கள் கல்லூரியின் ஆன்லைன் பாடத்தளம் ஒரு திங்கட்கிழமை காலையில் படுத்துவிட்டது. செமஸ்டர் தேர்வுக்கு மூன்று வாரம்கூட இல்லை. நோட்ஸ், பழைய வினாத்தாள், அசைன்மென்ட் எல்லாமே அதற்குள்தான் இருந்தன. தளத்தை நடத்துகிறவர்களுக்குப் போன் செய்தால், “இன்னைக்குள்ள சரியாயிடும்” என்றார்கள். செவ்வாய்க்கிழமையும் அதையே சொன்னார்கள்.

நான் பி.ஏ. மாணவர்களுக்குப் பொருளாதாரம் எடுக்கிறேன். என் வகுப்பு ஒரு நாளும் நிற்கக் கூடாது என்று எனக்குள் ஒரு வேகம் வந்துவிட்டது. பழைய கையெழுத்து நோட்ஸைப் பரணிலிருந்து இறக்கி, பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்து, வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கல்லூரி வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடையிலும் ஒரு கட்டு கொடுத்துவைத்தேன். துறைத் தலைவர் ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும் கன்னடத்தில் பாராட்டினார். பெருமையாகத்தான் இருந்தது.

புதன்கிழமை மதியம் ஸ்டாஃப் ரூம் வாசலில் ஒரு மாணவி வந்து நின்றாள். இரண்டாம் ஆண்டு. ஸ்ரீராம்புரத்துப் பெண், அப்பா மாநகராட்சிக் குப்பை வண்டி ஓட்டுகிறவர். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் உள்ள எழுத்தைப் படித்துச் சொல்லும் ஒரு குரல் அவள் போனில் உண்டு. அதைக் கேட்டுத்தான் பாடத்தளத்தில் படித்துவந்தாள்.

“மேம், பிஸியா இருக்கீங்களா?”

“இல்லம்மா, வா.”

“குரூப்ல நோட்ஸ் போட்டீங்களாம். எல்லாரும் படிச்சிட்டாங்க. என் போன் இமேஜ்னு மட்டும்தான் சொல்லுது. பதினொரு தடவை இமேஜ், இமேஜ்னு சொல்லிட்டு நின்னுடுச்சு.”

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. கொஞ்சம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் முகம் சுட்டது. தினமும் முதல் பெஞ்சில் உட்காருகிறவள். அவளை மறந்துவிட்டு, வகுப்பு நிற்கவில்லை என்று பாராட்டு வாங்கியிருக்கிறேன்.

“மன்னிச்சிடும்மா. நான் யோசிக்கவே இல்ல.”

“அய்யோ, விடுங்க மேம்.”

“டைப் பண்ணி அனுப்பட்டுமா?”

“அதுக்கு நாளாகும். நீங்களே படிச்சு வாய்ஸ் நோட்டா அனுப்புங்களேன். அந்த மெஷின் குரலைக் கேட்டுக் கேட்டு எனக்கும் போரடிக்குது.”

மறுநாள் விடியற்காலையில், நீலசந்திராவில் எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு முதல் பாடத்தைப் படித்தேன். பக்கத்து மசூதியில் பாங்கு சொன்னபோது நிறுத்தி, முடிந்ததும் தொடர்ந்தேன். குக்கர் விசில் வந்ததையும், என் கணவர் கதவைத் திறந்து “டவல் எங்க வெச்ச?” என்று கேட்டதையும் தடுக்க முடியவில்லை. திரும்பப் பதிவு செய்ய நேரமில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன்.

“சாருக்கு டவல் கிடைச்சுதா மேம்?” என்று காலேஜில் கேட்டாள். பஸ்ஸில் வரும்போதே இரண்டு முறை கேட்டுவிட்டாளாம்.

ஆனால் ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டாள். சமநோக்கு வளைகோடு. இரண்டு பொருள்களை எந்தெந்த அளவில் சேர்த்து வாங்கினால் ஒரே அளவு திருப்தி கிடைக்கும் என்று காட்டுகிற கோடு அது. நான் பதிவில், “படத்தில் இருப்பதுபோல வளைந்து வரும்” என்று சொல்லிவிட்டுக் கடந்துபோயிருந்தேன்.

“எப்படி மேம் வளையும்?”

எத்தனையோ வருடங்களாகக் கரும்பலகையில் போடுகிற கோடு. வாயால் சொல்ல வரவில்லை. அவள் உள்ளங்கையை விரித்து, என் விரலால் மெதுவாக வரைந்து காட்டினேன். கை சில்லென்று இருந்தது. இரண்டாவது முறை வரைவதற்குள் அவள் முகம் மலர்ந்தது.

“எங்க சந்துல இறங்குற மாதிரி! மொதல்ல செங்குத்தா படி, அப்புறம் சரிவு, கடைசில சமமா போயிடும்.”

“அதேதான்.”

வகுப்பில் பாதிப் பேருக்கு அந்தக் கோடு பார்த்தும் புரியாமல் இருந்தது. அவளையே ஒரு வாய்ஸ் நோட் போடச் சொன்னேன். முதலில் கூச்சப்பட்டாள். பிறகு, சந்தில் இறங்கும் கதையையே தமிழில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று என்று பேசிக் குழுவில் போட்டாள். வைட்ஃபீல்டில் காலை ஷிப்ட் வேலை முடித்துவிட்டு வகுப்புக்கு வரும் ஒரு மாணவன், “ஆபீஸ் வண்டியில கேட்டுக்கிட்டே வந்தேன், எல்லாப் பாடமும் இப்படியே வேணும்” என்றான். அதற்குப் பிறகு ஆளுக்கு இரண்டு பக்கமாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒருத்தி மொட்டை மாடியில் நின்று படித்தாள். காற்று இரைச்சலில் பாதி கேட்கவில்லை என்று எல்லாரும் கிண்டல் செய்ய, மறுபடியும் படித்து அனுப்பினாள்.

தளம் பதினாறாவது நாள் உயிர்பெற்றது. அதற்குள் எங்கள் பாடங்கள் முடிந்திருந்தன.

தேர்வு நாளில் அவளுக்குத் தனி அறை. அவள் சொல்லச் சொல்ல எழுத, பி.யூ.சி., அதாவது பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண்ணை ஏற்பாடு செய்திருந்தார்கள். பொருளாதாரம் தெரியாத பெண்ணாக இருக்க வேண்டும் என்பது விதி. விடைத்தாள் கட்டோடு அந்த வராந்தாவைக் கடந்தபோது உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

“அவசரப்படாத. பென்சிலை மேல வை. நேரா கீழ இறக்கு. இப்போ மெள்ள மெள்ளப் படுக்க வை… கீழ்க் கோட்டைத் தொடக் கூடாது, சரியா?”

“இப்படியாக்கா?”

“நீதான் பாத்துச் சொல்லணும். ஒடையாம வழவழன்னு போகுதா?”

“போகுதுக்கா.”

“அப்போ அதுதான்.”

பாடம் எடுத்த நான் அங்கே நிற்கக் கூடாது என்று நினைவு வந்து நகர்ந்தேன். மாடிப்படி திரும்பியதும் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

முடிவு வந்த அன்று அவளே போன் செய்தாள். பொருளாதாரத்தில் அறுபத்தெட்டு.

“சந்தோஷமாம்மா?”

“எங்க மேம், எழுபத்தஞ்சு வரும்னு இருந்தேன். ரீவேல்யுவேஷன் போட்டா ஏறுமா?” என்றாள்.