பிஸ்டன் பின்னில் வாசித்த கச்சேரி

பிரம்மதேசம் திருவிழா மேடையில் ஹவாயன் கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டு துணிச்சுருளைப் பிரித்தேன். கம்பிமேல் வைத்து இழைக்கும் ஸ்டீல் பார் அதில் இல்லை. டீசல் இன்ஜினில் பிஸ்டனைக் கோக்கும் உருளை இரும்பு, பிஸ்டன் பின், இருந்தது.

அப்போது நான் மரக்காணம் உப்பளத்தில் பம்ப்செட் மெக்கானிக். சாயங்காலம் மெல்லிசைக் குழுவில் வாசிப்பேன். உப்புக்காற்றில் இரும்பு தாங்காது என்று பார், பின் இரண்டையும் கிரீஸ் தடவிப் பழந்துணியில் சுற்றி வைப்பது வழக்கம். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அவசரத்தில் மாறிவிட்டது.

அன்றைக்குப் பார்த்தா மாற வேண்டும்! குழு நடத்தும் மணி வேனிலேயே சொல்லிவிட்டார்: "கீபோர்டுலயே உன் சவுண்டு வருதுப்பா. இன்னிக்கு ஜனம் ரசிக்கலன்னா அடுத்த கச்சேரிக்கு நீ வேணாம்."

இன்ஜின் எனக்குச் சோறு போட்டது. உயிர் இந்தக் கிட்டாரில்தான் இருந்தது.

கீபோர்டு ரோஸி எட்டிப் பார்த்தாள். "என்னண்ணே முழிக்கிறீங்க?"

அப்போதுதான் அந்தப் பழைய கதை நினைவுக்கு வந்தது. ஹவாய்த் தீவில் ஒரு பள்ளிக்கூடப் பையன் தண்டவாளத்தோரம் கிடந்த போல்ட்டைக் கம்பிமேல் இழைத்ததில்தான் இந்த வாசிப்பே பிறந்தது என்பார்கள். பிறகு கத்தி, சீப்பு என்று கிடைத்ததையெல்லாம் வைத்துப் பார்த்தானாம். அவனுக்குப் பின்னால் வந்தவர்கள் கப்பலேறிக் கல்கத்தா வரை வாசித்தார்கள். அந்த இழைப்பு நம் சினிமாப் பாட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. போல்ட் ஆகும் என்றால் பின் ஆகாதா?

கிரீஸைத் துடைத்துவிட்டுப் பின்னைக் கம்பிமேல் வைத்தேன். பின்னுக்குள் ஓட்டை, கனம் போதவில்லை. முதல் சுரம் கரகரத்தது. மணி திரும்பி முறைத்தார். கொஞ்சம் அழுத்தினேன். அடுத்த சுரம் வழுக்கிப்போய்ச் சரியான இடத்தில் நின்றது. பஜ்ஜிக்கடையில் நின்ற உப்பளப் பெண்கள் மேடைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். பாட்டு முடிந்ததும், "இன்னொரு வாட்டி வாசிங்க!" என்று கத்தினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ரோஸி மணியிடம், "இந்த இழைப்பு என் கீபோர்டுல வராதுண்ணே" என்றாள்.

மணி என்னைப் பார்த்தார். "அடுத்தது பொம்மையார்பாளையம். வந்துடு. அந்த இரும்பையும் எடுத்துனு வா."

மறுநாள் உப்பளத்தில் முதலாளி என் பாரைப் பிஸ்டனில் நுழைக்க முடியாமல் வியர்த்துக்கொண்டிருந்தார். "டேய், என்னடா பின் இது? நுழையவே மாட்டேங்குது!"

இன்ஜினுக்கு வேறு பின் வாங்கிப் போட்டேன். தம்பிகளே, தங்கைகளே, மேடையில் சரியான சாமான் இல்லையென்று எழுந்துவிடாதீர்கள். இருப்பதைத் துடைத்துவிட்டு வாசியுங்கள். நான் இன்றைக்கும் அந்தப் பின்னில்தான் வாசிக்கிறேன்.