மழை என்று சொல்லாத வீட்டில் ஒரு கொண்டல்

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் போன வாரம் போனில் கூப்பிட்டு, "அம்மா, ஆபீஸ்ல எல்லாரும் என் பேருக்கு அர்த்தம் கேக்குறாங்க. இதே பேருல பெரிய ஆளுக யாராச்சும் இருந்திருக்காங்களான்னும் கேக்குறாங்க. என்ன சொல்ல?" என்றாள். ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போதும் இதையேதான் கேட்டாள். உங்கள் பெயரைக் கொண்ட பெரியவர்களைப் பற்றி எழுதி வாருங்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டிருந்தார்கள். அவளுடைய பெரியப்பா பிள்ளைகளுக்கு ஒரு ராணியும் ஒரு கிரிக்கெட் வீரரும் கிடைத்தார்கள். இவளுக்குக் கிடைத்தது ஒரு காற்று.

அவள் பெயர் கொண்டல். கிழக்கிலிருந்து அடிக்கிற காற்று, ஐப்பசியில் மழையைக் கூட்டிக்கொண்டு வருகிற காற்று. மழை மேகத்துக்கும் அதே பெயர் உண்டு. மேகத்தின் நிறம் கொண்டவர் என்பதால் பெருமாளைக் கொண்டல் வண்ணன் என்பார்கள். கடலுக்குப் போகிறவர்களுக்கும் இந்தக் காற்று நல்ல பழக்கம். இதையெல்லாம் நான் அடுக்கி முடித்ததும், "ஆளு ஒருத்தர்கூட இல்லையாம்மா?" என்றாள். ஆள் இல்லை, ஆனால் ஒரு மாடு இருந்தது. என் அப்பா, பேத்தி பிறந்த சந்தோஷத்தில், அடுத்துப் பிறந்த கிடேரிக் கன்றுக்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டார். அதையும் சேர்த்து எழுதிக்கொண்டு போனாள். கன்றுக்கு நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருந்ததையும் விடவில்லை. டீச்சர் வகுப்பில் வாசித்துக் காட்டிச் சிரித்தாராம். இவளும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தாள்.

நான் பிறந்தது ஆமத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கரிசல்காட்டு ஊர். எங்கள் வீட்டில் ஆவணி பிறந்தால் மழை வராதா என்று எல்லோருக்கும் கழுத்து வானத்தைப் பார்த்தே திரும்பியிருக்கும். வாழ்க்கைப்பட்டுப் போனதோ சிவகாசியில், சின்னதாக ஒரு பட்டாசு கம்பெனி வைத்திருந்த குடும்பத்துக்கு. அங்கேயும் எல்லோரும் வானத்தைத்தான் பார்த்தார்கள், ஆனால் வந்துவிடக் கூடாதே என்று பார்த்தார்கள். போன புதிதில், ஒரு சாயங்காலம் மேகம் கறுத்ததைப் பார்த்து, "மழை வரும்போல இருக்கு, துணிய எடுத்துரட்டுமா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். மாமியார் என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போய், "சீசன்ல அந்த வார்த்தையச் சொல்லப்படாதும்மா. விருந்தாளி வர்றாகன்னு சொல்லு," என்றார்.

நான் வேடிக்கை என்று நினைத்தேன். வேடிக்கை இல்லை. மழை பெய்தால் வெயிலில் காயவேண்டிய சரக்கு காயாது, மின்னல் வெட்டினால் கம்பெனியை மூடவேண்டும், ஏற்றிய லோடு நனையும், வெளியூர்க் கடைக்காரர்கள் ஆர்டரைக் குறைப்பார்கள். அதனால் ஆடியிலிருந்து தீபாவளி வரைக்கும் அந்த வீட்டில் மழை என்ற சொல்லே கிடையாது. "வடக்க விருந்தாளி வந்திருக்காகளாம்," என்று மாமனார் பேப்பரைப் பார்த்துச் சொல்வார். எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருக்கும்.

இந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் நான் கொண்டல் என்று பெயர் வைத்தேன். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வருஷம் காடு முழுக்கப் பருத்தி முளைத்து, தண்ணீர் காணாமல் வாடி நின்றது. தீபாவளி நெருங்கிவிட்டது. விருதுநகர் ஆஸ்பத்திரியில் எனக்கு வலி எடுத்த அன்று விடிகாலையில் காற்று கிழக்குப் பக்கம் திரும்பியது. பிள்ளை பிறந்தபோது ஜன்னலுக்கு வெளியே கொட்டு கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. அப்பா தலை நனைந்தபடியே வந்து பிள்ளையை வாங்கினார். "கொண்டல்னு வைப்போம்மா," என்றார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எனக்கு வேறு பெயர் யோசிக்கத் தோன்றவில்லை.

அதே நேரத்தில் சிவகாசியில் என் புகுந்த வீட்டு லோடு தார்ப்பாய் பிய்ந்து நனைந்துகொண்டிருந்தது. மறுநாள் என் கணவர் தூக்கமில்லாத கண்ணோடு வந்தார். பெயரைக் கேட்டார். பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. எங்கப்பாகிட்ட நீயே சொல்லிரு," என்று கழன்றுகொண்டார்.

நானே சொன்னேன். மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மா, பலசரக்குக் கடைக்காரன் பிள்ளைக்கு எலின்னு பேரு வைப்பானா?" என்றார்.

"எங்க ஊர்ல இது சாமி மாதிரி மாமா," என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேப்பரை எடுத்தார். அவருக்குக் கத்துகிற கோபம் வராது, சொல்லாமல் விடுகிற கோபம்தான் வரும். அன்றிலிருந்து அந்தப் பெயரை அவர் வாயில் எடுக்கவில்லை. நானும் மாற்றவில்லை. பிடிவாதத்தில் நான் அவருக்கு இளைத்தவளில்லை.

பேத்திமேல் பாசம் இல்லாமல் இல்லை. சாத்தூர்ப் பக்கம் போனால் கருப்பட்டி மிட்டாய் இல்லாமல் திரும்ப மாட்டார். சாயங்காலமானால் ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்திக்கொண்டு கடைவீதியைச் சுற்றிக் காட்டுவார். எல்லாம் "பாப்பா", "ஏ சின்னவ", "இங்கன வா" என்றபடிதான். அவள் பள்ளிக்கூடத்தில் கொண்டல், என் அப்பா வீட்டில் கொண்டல், தாத்தாவிடம் பெயரில்லாத பிள்ளை.

அந்த வீட்டில் இன்னொரு வழக்கமும் இருந்தது. பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு சரக்கு வரும். பெரிய பேரன் பெயரில் சரவெடி, அவன் தங்கை பெயரில் கம்பி மத்தாப்பு, போட்டோவோடு. என் மகள் பெயரில் மட்டும் ஒன்றும் வரவில்லை. அச்சடிக்கிற பிரஸ்ஸில் கழித்துப்போட்ட வெடி லேபிள் தாளில்தான் சிவகாசிப் பிள்ளைகள் நோட்டுக்கு அட்டை போடுவார்கள். அண்ணன் பெயரும் அக்கா பெயரும் வரிசை வரிசையாக அச்சடித்த தாளை மடித்துக்கொண்டே ஒரு நாள், "எனக்கு ஏம்மா இல்ல?" என்றாள்.

"கொண்டல்னு பேரு போட்டா வெடி வெடிக்குமாடி? நமுத்துப் போகாதா?" என்றேன். சிரித்தாள். ஆனால் அன்றைக்கு இரண்டு நோட்டுக்கு மேல் அட்டை போடவில்லை. எனக்கு அன்று மாமனார்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

அவள் பத்தாம் வகுப்புக்குப் போன ஆனியில், சான்றிதழில் ஏறப்போகிற பெயரைச் சரிபார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மாமனாருக்கு இது தெரிந்ததும் பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். நான் காப்பி கொடுக்கிற சாக்கில் அங்கேயே நின்றேன்.

"பாப்பா, மாத்துறதா இருந்தா இப்பவே மாத்திக்கிரணும். நல்லதா ஒரு பேரு சொல்லு. இந்த வருஷம் கிப்ட் பாக்ஸே ஒம் பேருல போட்டுருவோம். ஒம் படம்தான் மேல."

கிப்ட் பாக்ஸ் என்றால் எல்லா வெடியும் ஒரே பெட்டியில் வரும், கம்பெனிக்கே அதுதான் முகம். என் அப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர் விட்டுப்போனதில் எனக்கென்று இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். ஆனால் அது அவள் பெயர், அவள்தான் சொல்லவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டே, "பேரு இதே இருக்கட்டும் தாத்தா. பெட்டியிலயும் போட வேணாம்," என்றாள். "நீங்க ஒரு தடவ அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. அது போதும்."

மாமனார் காப்பியைக் குடித்தார். எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போய்விட்டார்.

அந்த சீசன் முழுக்க அவள் காத்திருந்தாள். வெளியே சொல்லவில்லை, ஆனால் பெற்றவளுக்குத் தெரியாதா. தாத்தாவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் படிப்பை விட்டுவிட்டு வாசலுக்கு வருவாள். "பாப்பா, தண்ணி கொண்டா," என்பார். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிடுவாள். தீபாவளியும் போனது. நான் அவரிடம் பேசுவதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டேன்.

தீபாவளி முடிந்தால் சிவகாசி கை ஓய்ந்து உட்கார்ந்துவிடும். லாரி இல்லை, வேன் இல்லை, எல்லோரும் பகலில் தூங்குவார்கள். அப்படி ஒரு மத்தியானம் பின்கட்டில் நான் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. வாசல் பக்கமிருந்து மாமனார் குரல் வந்தது.

"கொண்டலு."

என் கை நின்றுவிட்டது. அவள் பாட்டுக்கு மடியில் இருந்த புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து அந்தக் குரலில் அந்தப் பெயரைக் கேட்காதவளுக்கு அது தன்னைத்தான் என்று எப்படித் தெரியும்?

"ஏ கொண்டலு, கண்ணாடிய எங்கன வச்சேன்னு பாரு."

"உன்னையத்தான்டி," என்றேன். பாதிப் பின்னலோடு ஓடினாள். மாமனாரின் கண்ணாடி சட்டைப் பையிலேயே இருந்ததாம். திரும்பி வந்து முன்போலவே எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். பின்னலை நான் திரும்ப எடுத்தபோது அவள் தோள் குலுங்கியது.

"தாத்தாவுக்கு என் பேரு தெரிஞ்சிருக்குதும்மா," என்றாள்.