முட்டத்து இசபெல் வரைந்த அயலை

இசபெல் முதன்முதலில் மவுஸைப் பிடித்து வரைந்த மீன் நசுங்கிய செருப்பு மாதிரி இருந்தது. 2008 அது. முட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் கோட்டாறு போய், ஒரு டி.டி.பி. கடையில் கல்யாணக் கார்டுகளும் இரங்கல் அறிவிப்புகளும் டைப் செய்துகொண்டிருந்தாள். வயது முப்பத்தாறு. கணவன் மரியான் கத்தாரில் விசைப்படகில் இருந்தான். மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போனதும் அவள் போட்டோஷாப்பைத் திறப்பாள்.

"கார்டுல பூ ஒட்டுகதுக்கு இவ்வளவு படிப்பு வேணுமா?" என்றார் கடைக்காரர் குமாரதாஸ்.

"பூ ஒட்டுகதுக்கு இல்ல அண்ணாச்சி. எனக்கு வரையணும்."

அவர் தடுக்கவில்லை.

மரியான் லீவில் வந்தபோது அவள் கேட்டபடி ஒரு பென் டேப்லெட் கொண்டுவந்தான். சிலேட்டு அளவு கறுப்புப் பலகை. அதன்மேல் பேனாவை ஓட்டினால் கோடு கணினித் திரையில் விழும். கை மேசையில், கண் திரையில். இரண்டு மாதம் கோடு அவள் சொன்ன பேச்சைக் கேட்கவே இல்லை. தினமும் நூறு வட்டம் போட்டுப் பழகினாள். கோட்டைக் கண்ணாடித்தாள் மாதிரியான ஒரு லேயரிலும் நிறத்தை அதற்குக் கீழே வேறொரு லேயரிலும் வைத்தால், நிறத்தை எத்தனை தடவை அழித்தாலும் கோடு கெடாது என்று தட்டுத்தடுமாறித் தானே கண்டுகொண்டாள். வெள்ளி மினுக்கத்துக்குச் சாம்பல் நிறம் பூசியபோது சிமெண்டில் செய்த மீன்தான் வந்தது. நீலம், மஞ்சள், துளி ரோஸ் என்று மெல்ல மெல்லச் சேர்த்த பிறகே மீனில் ஈரம் தெரிந்தது.

2011-இல் நாகர்கோவிலில் ஓர் ஓவிய மன்றம், புதியவர்களுக்கான கண்காட்சி அறிவித்தது. இசபெல் ஓர் அயலை மீன் படத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனாள். செயலாளர் முகம் மலர்ந்து பார்த்தார்.

"வாட்டர் கலரா?"

"கம்ப்யூட்டர்ல வரஞ்சது சார்."

அவர் படத்தைக் கவிழ்த்து வைத்தார். "கம்ப்யூட்டர் வரைஞ்சதை இங்க மாட்ட முடியாதும்மா. கையால வரைஞ்சது மட்டும்தான்."

"அப்போ எனக்க கை மூணு வருஷமா என்ன செஞ்சுது சார்?"

"விதி அப்படி" என்றார் அவர். இசபெல் படத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாளே அந்த அயலையை ஆறடி ஃபிளெக்ஸில் அடித்து, முட்டத்தில் மீன் ஏலம் விடும் கொட்டகையில் கட்டினாள். மீனைத் தெரிந்தவர்கள் பார்க்கட்டும் என்று.

பெண்கள் கூடைகளோடு கூடினார்கள். முப்பது வருஷம் மீன் விற்ற பிரகாசி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏட்டி இசபெல், இது முந்தாநாள் செத்த அயலை கேட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். இசபெல்லுக்கு முகம் சுருங்கியது.

"கண்ணு கலங்கிக் கெடக்கு. முதுகில கருப்பு வரி போட்டிருக்க. வலையில இருந்து எடுக்கும்ப அது பொன்னு கணக்கா மின்னும். நீ சந்தையில பாத்துல்லா வரஞ்சிருக்க."

"அப்போ நாளைக்கு எனக்குக் காட்டும்" என்றாள் இசபெல்.

விடியற்காலையில் வள்ளம் கரையேறியதும் பிரகாசி ஓர் அயலையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். பச்சையும் நீலமும் கலந்த முதுகில் பொன்வரிகள் ஓடின. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை மங்கிக் கறுத்தன. கடற்கரையிலேயே வளர்ந்தும் இதை அவள் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை.

அந்தப் பொன் நிறத்துக்காகப் பதினொரு தடவை அழித்துப் பூசினாள். புது ஃபிளெக்ஸைக் கட்டிய அன்று பிரகாசி வெகுநேரம் பார்த்தாள். "ம். இது இப்ப வந்த மீன்."

அடுத்த வருஷம் மன்றத்திலிருந்து கடிதம் வந்தது. கணினிப் படங்களுக்கு வாசலருகே தனி மேசை போடுகிறார்களாம். இசபெல் போன் செய்தாள்.

"மத்த படங்களுக்க பக்கத்தில, சுவரில மாட்டுவீங்களா சார்?"

"தனி மேசைதாம்மா."

"அப்போ எனக்கு வேண்டாம். பாக்கணும்னா முட்டத்துக்கு வாங்க. கொட்டகைக்குக் கதவு கெடையாது."

உப்புக்காற்றில் ஃபிளெக்ஸ் சீக்கிரம் வெளுத்துவிடும். வெளுக்க வெளுக்க வேறு மீன் வரைந்து கட்டினாள்: சாளை, விளமீன், சூரை. 2015-இல் திருக்கை. ஊரோடு வந்துவிட்ட மரியான்தான் ஏணியில் ஏறிக் கயிறு கட்டினான்.

"வாலு நீளம் கூடிப்போச்சு" என்றாள் பிரகாசி.

"கூடல."

"கூடிப்போச்சுட்டி."

இசபெல் ஏலத்துக்கு வந்த ஒரு திருக்கையைத் தரையில் விரித்து, வாலையும் உடம்பையும் சாணால் அளந்து காட்டினாள். படத்தில் இருந்ததும் அதே கணக்குதான்.

பிரகாசி மீனையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"படம் சரிதாம்ளா" என்றாள். "இந்த மீனுக்குத்தான் வாலு கூடுதல்."