பன்னிரண்டு மணி ரொட்டி

என் நாத்தனாருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். சின்ன வயதிலிருந்து அவள் 'ஆணி'தான். ஓரிடத்தில் இறங்கிவிட்டால் பிடுங்க முடியாது என்று அவளுடைய அண்ணன், அதாவது என் கணவர், வைத்த பட்டப்பெயர். கல்யாணமான புதிதில் எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. நான் மடித்து வைத்த துணிகளை என் கண் முன்னாலேயே பிரித்து மறுபடி மடிப்பாள். ஏன் என்று கேட்டால், "ஓரம் சேரல அண்ணி" என்பாள். அந்த ஓரம் சேராவிட்டால் உலகம் நின்றுவிடும் அவளுக்கு.

பள்ளிப்படிப்பு முடிந்ததும் ஆஸ்பத்திரி கேன்டீனில் ஒன்பது வருடம் முட்டை உரித்தாள். பிறகு நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில் நாலு மேசை போட்டுச் சொந்தமாக ஒரு சாண்ட்விச் கடை திறந்தாள். அவள் கணவர் அதே ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குகிறவர். நாள் முழுக்க ஏறி இறங்குகிறவர் என்பதாலோ என்னவோ, வீட்டில் என்ன நடந்தாலும் இருந்த இடத்தைவிட்டு அசையமாட்டார். அவளுக்கு ஏற்ற ஆள்தான்.

அவள் கடைக்கு ரொட்டி எங்கள் பேக்கரியிலிருந்து போகும். அவளுக்கு மட்டுமில்லை, ஊரில் உள்ள பதினோரு சாண்ட்விச் கடைக்கும் எங்கள் ரொட்டிதான். "இந்த ஊரு வாயைத் திறந்தா உள்ள போறது என் ரொட்டி" என்று என் கணவர் யாரிடம் பேசினாலும் ஒரு தடவை சொல்லாமல் விடமாட்டார். நான் கவுண்டரில் உட்கார்ந்து தலையாட்டுவேன்.

வினை ஒரு மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி ரூபத்தில் வந்தது. வாராவாரம் அவள் கடையில் முட்டை சாண்ட்விச் வாங்குவார், பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போவார். நாலாவது வாரம் இவள் அவரை மறித்துவிட்டாள்.

"ஏன் சார், பிடிக்கலையா?"

"தப்பா நினைக்காதீங்கக்கா. உங்க கடைன்னு இல்ல, இந்த ஊர்லயே சாண்ட்விச் இப்படித்தான். நான் வாரத்துக்கு நாலு ஊர் போறேன். மத்த மூணு ஊர்ல முழுசா சாப்பிடுறேன், இங்க வந்தா பாதிதான் இறங்குது."

"என்ன குறை?"

"அது எனக்கென்ன தெரியும்? எனக்கு மாத்திரைதான் தெரியும். எங்க ஆளுங்க இந்த ஊருக்கு 'ஈர ஊரு'ன்னு பேர் வச்சிருக்காங்க."

அவ்வளவுதான், ஆணி இறங்கிவிட்டது. மிளகைக் கூட்டினாள், வெள்ளரிக்காயைக் குறைத்தாள், சாஸை மாற்றினாள். ஊரில் மற்ற கடைக்காரர்களும் வருடக்கணக்காக இதையேதான் செய்துகொண்டிருந்தார்கள், சாஸுக்கு மேல் சாஸ். மருந்துக்காரர் பாதியிலேயே நின்றார். ஒருநாள் கடைக் கதவில் 'மூன்று நாள் விடுமுறை' என்று எழுதி ஒட்டிவிட்டு, தான் செய்த முட்டைக் கலவையை ஐஸ் பெட்டியில் அடைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

மூன்று ஊர். ஒவ்வோர் ஊரிலும் சரியாக மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு கடைக்குள் நுழைவாள். முதலில் அவர்களுடைய சாண்ட்விச் ஒன்று. அப்புறம் பெட்டியைத் திறந்து, "இதை உங்க ரொட்டியில வச்சுக் குடுங்க" என்பாள். முதல் ஊரில் வெளிச் சாப்பாடு கூடாது என்றார்கள். இவள் நகராமல் நின்றதில் அவர்களுக்கே அலுத்துப்போய் வைத்துக் கொடுத்தார்கள். இரண்டாவது ஊரில் இவளைச் சுகாதார அதிகாரி என்று நினைத்து மேசையை மூன்று தடவை துடைத்தார்கள். மூன்றாவது ஊரில் கடைக்காரம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்ல ஏதும் பிரச்சினையாம்மா?" என்று கேட்டிருக்கிறாள். மூன்று ஊரிலும் இவளுடைய கலவை அமிர்தமாக இருந்தது. அங்கே ரொட்டி போடுகிறவரையும் தேடிப் பிடித்துப் பேசிவிட்டுத்தான் ஊர் திரும்பினாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு எங்கள் பேக்கரியில் வந்து நின்றாள். குறை எங்கள் ரொட்டியில்தான் என்று அவள் சொன்னதும் என் கணவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. அப்போதுதான் வெட்டிய ரொட்டியில் ஒரு துண்டை எடுத்து அவள் கையில் திணித்தார்.

"சாப்பிட்டுட்டுப் பேசு."

சாப்பிட்டாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது ஆறு மணி ரொட்டி அண்ணா. ஊரு சாப்பிடுறது பன்னிரண்டு மணி ரொட்டி."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"சூடா வெட்டி, சூடோட கவர்ல கட்டுற. ஆவி எங்க போகும்? ரொட்டிக்குள்ளயேதான் இறங்கும். மத்த ஊர்ல மூணு மணி நேரம் ஆறவிட்டுத்தான் வெட்டுறாங்க."

"ஏழு மணிக்குப் பதினோரு கடைக்கு யாரு குடுக்கிறது?"

"எனக்குப் பத்து மணிக்குக் குடு. காலையில நான் கடையே திறக்கல."

காலை வியாபாரம் அவளுக்குப் பாதி வியாபாரம். வக்கீல்கள் எல்லாம் நீதிமன்றத்துக்குள் போவதற்கு முன்னால் அங்கேதான் சாப்பிடுவார்கள். அதை அவள் இவ்வளவு சுலபமாகச் சொன்னதில் எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

"உனக்கு மட்டும் தனியா குடுத்தா என் ரொட்டி மட்டம்னு நானே ஊரைக் கூட்டிச் சொன்ன மாதிரி. முடியாது" என்றார்.

"அப்ப நான் வெளியூர்லேருந்து வாங்கிக்கிறேன்."

"தாராளமா வாங்கிக்கோ. அப்புறம் இந்த வாசப்படி ஏறாத."

அவள் ஏறவில்லை. பத்து மணி பஸ்ஸில் வெளியூர் ரொட்டி வந்து இறங்கும், அதற்குப் பிறகுதான் கடை திறப்பாள். மருந்துக்காரர் அந்த வாரம் முழு சாண்ட்விச்சையும் சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டாராம். இங்கே என் கணவர் மாவு பிசைகிற மெஷினைக்கூடத் திட்டினார். தங்கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அவளும் அவள் கணவரும் வராத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. அவளிடம் நேரில் சொல்லியிருக்கமாட்டேன், ஆனால் அவளைத் தேடினேன்.

பதின்மூன்றாம் நாள் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு இரண்டு தட்டுகளோடு வந்தாள். படிக்குக் கீழே தெருவிலேயே நின்றுகொண்டாள்.

"நான் ஏறல அண்ணா. நீ இறங்கி வா."

கடையில் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் இறங்கினார். இரண்டு தட்டிலும் ஒரே கலவை. ஒன்று வெளியூர் ரொட்டி, இன்னொன்று அன்று காலை எங்களிடமிருந்து பக்கத்துக் கடைக்குப் போன ரொட்டி. முதலில் தன் ரொட்டியைத்தான் எடுத்தார். மென்றார். மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதை நாக்கால் தள்ளித் தள்ளி விழுங்கினார். அப்புறம் மற்றதைச் சாப்பிட்டார். முகத்தில் ஈயாடவில்லை. தன் ரொட்டியைக் காட்டினார்.

"இது பழைய ரொட்டி. யாரோ ரெண்டு நாள் வச்சிருந்து குடுத்திருக்காங்க."

அவள் எங்கள் பேக்கரிக் கவரை நீட்டினாள். அன்றைய தேதி இருந்தது.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. நம்ம வீட்டுலயும் தினம் இதே ரொட்டிதானே? என்னைக்காவது இப்படி இருந்திருக்கா?"

ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். பதினாறு வருடமாக அதில் எனக்கு நல்ல பழக்கம். ஆனால் தெருவில் தட்டோடு நிற்கிறவளைப் பார்த்தபோது வாய் வரவில்லை.

"நம்ம வீட்டு ரொட்டி வெட்டுற மெஷினுக்குப் போறதில்லைங்க. தினமும் ஒண்ணைத் தனியா எடுத்து ஆறவச்சு, நானே கையால வெட்டுறேன்."

"எத்தனை நாளா?"

"பேக்கரி ஆரம்பிச்சதுலேருந்து. பதினாறு வருஷமா."

ஆரம்பித்த வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. சொன்னால் சண்டை வரும், அவர் மனசு நோகும் என்று சொல்லவில்லை. அதுகூட நான் எனக்கே சொல்லிக்கொண்ட சமாதானம்தான். என் பிள்ளைகளுக்கு நல்ல ரொட்டி கிடைத்தது, ஊர் எதைத் தின்றால் எனக்கென்ன என்று இருந்துவிட்டேன். நாத்தனார் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள், "உங்களுக்குத் தெரியுமா அண்ணி?" என்று மட்டும் கேட்டாள். கவுண்டருக்குப் பின்னால் நிற்கக் கூசியது.

மறுநாள் காலை ரொட்டி அடுப்பிலிருந்து வந்தபோது அவர் வெட்டும் மெஷினின் சுவிட்சைத் தொடவில்லை. ஏழு மணிக்கு வண்டிகள் வந்து ஹாரன் அடித்தன. வாசலில் நின்று, "இனிமே பத்து மணிக்குத்தான். பிடிக்கலைன்னா வேற இடம் பாத்துக்கோங்க" என்றார். நாலு கடைக்காரர்கள் அப்படியே போனார்கள், இன்றுவரை திரும்பி வரவில்லை.

ஒன்பதரைக்கு ஒரு டிரே நிறைய முழு ரொட்டியாகவே எடுத்துக்கொண்டு தங்கையின் கடைக்கு நடந்தார். கூப்பிடாமலேயே நானும் பின்னால் போனேன். அவள் ஒரு ரொட்டியை எடுத்து நடுவில் பிட்டு, புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"உள்ள சூடு இருக்கு. எடுத்துட்டுப் போ அண்ணா."

இன்றோடு உறவு முடிந்தது என்றே நினைத்தேன். அவரும் அதே இடத்தில் கையை வைத்தார்.

"ஆமா, இருக்கு" என்றார். டிரேயைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பினார்.

நானும் கிளம்பினேன். "நீங்க எங்க போறீங்க?" என்று அவள் ஒரு கத்தியை எடுத்து என் கையில் வைத்தாள். "பதினாறு வருஷம் வெட்டின கை. இங்க நின்னு வெட்டுங்க."

அரை மணி கழித்து ஆறின ரொட்டியோடு அவர் வந்தார். வெளியே மதியக் கூட்டம் சேரும்வரை நான் வெட்டிக்கொண்டே இருந்தேன். அதில் ஒரு துண்டுகூட என் வீட்டுக்கு இல்லை.