எண்ணெய் போடாத ஸ்பிரிங்

நாற்காலி வடிவமைப்பதுதான் எனக்குப் பிழைப்பு. ஆனால் மேலப்பாளையத்தில் என் வீட்டில் கிடக்கும் நாற்காலி, சாய்ந்தால் கிரீச்சென்று கத்தும். வருகிறவர்கள் எல்லாம், "உம்ம வீட்டு நாற்காலிக்கே இந்தக் கதியா வே?" என்று கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

அது என் மனைவிக்காகச் செய்தது. சின்ன வயதிலிருந்து குனிந்து உட்கார்ந்து பீடி சுற்றியே அவள் முதுகு போயிருந்தது. இனித் தரையில் உட்காரக் கூடாது, நன்றாகச் சாய்ந்துதான் உட்கார வேண்டும், இல்லையென்றால் நடமாட்டமே கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயந்து போனேன். பட்டறையில் மற்ற வேலையை எல்லாம் ஒதுக்கிவிட்டு, ஏற்றி இறக்க வசதியாக ஒரு முதுகுச்சாய்வு, அதைத் தாங்க ஸ்பிரிங், இறுக்கவும் தளர்த்தவும் ஒரு திருகு என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன்.

அவளோ விளிம்பில் உட்கார்ந்தாள். முதுகு சாய்வில் படவே இல்லை. ஸ்பிரிங் விறைப்போ என்று தளர்த்தினேன். தொளதொளப்போ என்று இறுக்கினேன். வலியில் முகம் சுண்டிப் போனதே தவிர, அவள் சாயவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் பின்னாலேயே அடுக்களைக்குள் போய்க் கத்தினேன், "பெறவு எதுக்குட்டி நான் இத செஞ்சேன்?"

"பையப் பேசுங்க. மாமா எதுக்க உக்காந்திருக்காவ. அவுக முன்னால சாஞ்சு கெடக்கச் சொல்லுதீங்களா?"

எங்கள் வீட்டில் இருப்பதே ஒரு கூடம். அங்கேதான் டிவி, அங்கேதான் அவள் மாமனாரான என் வாப்பாவும். நான் போட்ட சத்தம் அவர் காதில் விழாமல் இருந்திருக்காது.

மறுநாள் வாப்பா தன் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். செய்தி பார்க்காமல் ஒரு நாள் இருக்க மாட்டாத மனிதர்!

"டிவி இங்கன இருக்கு. தெருவுல என்னத்தப் பாக்கீங்க?"

"ஆட்டோ போவுதுலே. பாக்கேன்."

கிழவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அவர் முதுகுக்குப் பின்னால் ஸ்பிரிங் கிரீச்சென்றது. அவள் சாய்ந்திருந்தாள், கண்ணை மூடிக்கொண்டு. சந்தோஷம் ஒரு பக்கம், அந்தச் சத்தத்தில் மானம் போனது ஒரு பக்கம். எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

வாப்பா திரும்பிப் பார்க்காமலேயே கையை நீட்டித் தடுத்தார். "எண்ணெ போடாதலே. பெறவு புள்ள சாஞ்சிருக்காளான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இப்போது வாப்பா இல்லை. அவள் நன்றாக நடக்கிறாள். அவர் நாற்காலி இன்னும் தெருவைப் பார்த்துத்தான் கிடக்கிறது, என் ஸ்பிரிங்கும் கத்திக்கொண்டுதான் இருக்கிறது.