செத்துப்போன கண்ணாத்தாளின் வியாழக்கிழமைகள்

மோகனூருக்கும் பரமத்தி வேலூருக்கும் இடையில் காவிரிக் கரையோரமாக இருந்த அந்த ஊரில் நிலம் வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் மானம் என்று ஒன்று இருந்தது. வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்கிறதோ இல்லையோ, மானத்துக்கு ஒரு நாளும் தண்ணீர் குறைந்ததில்லை. அந்த மானத்தைக் காப்பாற்றுவதற்காகத்தான் கண்ணாத்தாளைப் பத்து வருசத்துக்கு மேல் மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில் வைத்திருந்தார்கள்.

அவளுக்கு வலிப்பு. வயதுக்கு வந்த மறு வருசம் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தவள் வாய்க்கால் வரப்பில் விழுந்து கைகால் வெட்டி இழுக்கக் கிடந்தாள். ஊருக்கு உடனே காரணம் தெரிந்துவிட்டது. சுடுகாட்டுப் பக்கம் உச்சிவேளையில் போனாள், பிடித்துக்கொண்டது. கோயில் பூசாரி வேப்பங்குச்சியால் அடித்து அதை இறக்கினார். மூன்று அமாவாசைக்கு அடித்தார். அடி வாங்கியது கண்ணாத்தாள், சேவலும் சாராயமும் வாங்கிக்கொண்டவர் பூசாரி, இறங்காமல் இருந்தது வலிப்பு. ஆனாலும் பூசாரிக்கு யாரும் கெட்ட பெயர் சொல்லவில்லை. அவளுக்குத்தான் பக்தி போதவில்லை என்றார்கள்.

பிறகு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். ராசிபுரத்துப் பக்கம் ஒரு பண்ணையக் குடும்பம். அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் யார் கட்டுவார்கள்? ஆடி பிறப்பதற்குள் அவளைக் கூண்டு வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அனுப்பினவர்கள் அயோக்கியர்கள் என்று அண்ணன் அப்புசாமி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மறைத்தவர்களுக்கு என்ன பெயர் என்று அவரிடம் கேட்க அந்த ஊரில் ஆள் இல்லை.

கொட்டகை அறையில் அவள் பருத்தி பிரித்தாள், மாட்டுக்குத் தீவனம் கலந்தாள். விருந்தாள் வந்தால் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். அவளைக் கிணற்றுப் பக்கமும் அடுப்புப் பக்கமும் விடவில்லை. அது நல்லதுதான். ஆனால் அவள் உயிருக்குப் பயந்து செய்ததல்ல, போகிறவர் வருகிறவர் பார்த்துவிடுவார்களே என்று செய்தது.

களையெடுக்க வரும் சின்னாயிதான் ஒரு நாள் சொன்னாள். "ஏனுங்க அம்மிணி, ஆத்தோரத்து மிசன் ஆசுபத்திரியில வியாழக்கிழமைக்கு வியாழக்கிழமை டாக்டரம்மா வாராங்க. எங்கக்கா மவனுக்கு இதே சீக்குத்தானுங்க. ஒரு தண்ணி மருந்து குடுக்கறாங்க. முந்தி வாரத்துல நாலு தடவை விழுவான். இப்ப மாசத்துக்கு ஒண்ணு."

கண்ணாத்தாள் அடுத்த வியாழக்கிழமை சின்னாயியோடு நடந்தே போனாள். அண்ணனிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்த கேள்வியைக் கேட்டு அவளுக்கு அலுத்திருந்தது.

ஓட்டுக் கட்டடம். ஒரே ஒரு நீள பெஞ்சு. எந்தச் சாதியானாலும் அதில் யாரும் யாரையும் விட்டுத் தள்ளி உட்காரக்கூடாது என்பது டாக்டர் எஸ்தர் அம்மாள் போட்ட சட்டம். அந்தப் பெஞ்சுக்குப் பயந்தே பாதிப் பேர் வீட்டில் கிடந்து செத்தார்கள். கண்ணாத்தாள் சின்னாயிக்குப் பக்கத்தில் தோள் இடிக்க உட்கார்ந்தாள். டாக்டரம்மா நிறையக் கேட்டார். விழுவதற்கு முன்னால் ஏதாவது தெரியுமா, நாக்கைக் கடித்துக்கொள்வாளா, எழுந்த பிறகு தூக்கம் வருமா. அதுவரை அவளிடம் யாரும் கேட்காத கேள்விகள். மற்றவர்கள் எல்லாம் அவளைப் பற்றிப் பூசாரியிடம்தான் கேட்டிருந்தார்கள்.

மருந்து ஒரே உப்பு. சீசாவின் பக்கத்தில் வேளைக்கு இவ்வளவு என்று காகிதம் வெட்டி ஒட்டியிருந்தது. குடித்தால் கண்ணைச் சுழற்றும், முகமெல்லாம் பரு கிளம்பும். ஆனால் விழுவது குறைந்தது. முழுதாக நிற்கவில்லை. நிற்கும் என்று டாக்டரம்மாவும் சொல்லவில்லை. பொய் சொல்லாத வைத்தியத்தைக் கண்ணாத்தாள் முதல் தடவையாகப் பார்த்தாள்.

அப்புசாமிக்குச் செய்தி போய்விட்டது. "நம்மூட்டுப் பொம்பளை அந்தப் பெஞ்சில கண்டவங்களோட ஒண்ணா உக்காரறதாக்கும்?" என்று குதித்தார்.

"கண்டவங்க எல்லாம் நல்லாத்தானுங்கண்ணா இருக்கறாங்க. உங்களைத்தான் அங்க கண்டதில்லை" என்றாள் அவள்.

தங்கச்சி எதிர்த்துப் பேசியது அவருக்கு வலிப்பைவிடப் பெரிய சீக்காகத் தெரிந்தது. ஆனால் ஊர் பார்க்கக் கட்டி வைக்கவும் முடியவில்லை. வியாழக்கிழமை தவறாமல் அவள் போனாள். முதலில் சீசா கழுவிக் கொடுத்தாள். பிறகு ஒரு நாள் டாக்டரம்மா கூப்பிட்டுச் சொன்னார்: "நான் பேசினா புதுசா வர்றவங்க பயந்துக்கிறாங்க, கண்ணாத்தா. ஆமா ஆமான்னு தலையாட்டிட்டு, வீட்டுக்குப் போய் மருந்தை ஊத்திடுறாங்க. நீங்க அவங்ககூட உட்கார்ந்து பேசுங்களேன்."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. சம்பளம் கிடையாது. ஆஸ்பத்திரி முன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, வந்தவர்களிடம் தன் கதையைச் சொன்னாள். விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் தண்ணீர் ஊற்றாதே, கூட்டம் கூடி மூச்சை அடைக்காதே, மருந்தைத் திடீரென்று நிறுத்தாதே. கேட்டுவிட்டு, "அப்ப மந்திரிக்க வேண்டாங்களா?" என்பவர்களும் உண்டு. "மந்திரிச்சுக்க. மந்திரிச்சுப் போட்டு மருந்தையும் குடி" என்பாள். அவளுக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை இல்லை. ஆனால் ஒரு வாரம் வராவிட்டால் வெயிலில் நடந்து அவர்கள் ஊருக்கே போய் நின்றாள்.

அவளுக்கு மரியாதை அடியோடு போனது பெரிய வீட்டுக்காரர்கள் மேல்தான். கூலிக்காரர்கள் முன்வாசல் வழியாக வந்தார்கள். பண்ணையக்காரர்கள் படுதா கட்டிய வண்டியில் பின்பக்கத்துப் புளியமரத்துக்கு வந்தார்கள். யாருக்கும் வலிப்பு கிடையாது. தலைவலி, மயக்கம், சூடு. ஒரு அம்மாள் தன் மகளுக்குக் கிணற்றடியில் வழுக்கிவிட்டது என்றாள், மாதம் தோறும். கண்ணாத்தாள் அவர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்தாள், ஆனால் சீசாவைக் கொண்டுபோய் வண்டிக்குள் கொடுத்தாள். யார் பெயரையும் வெளியே சொன்னதில்லை.

அப்படிப் பின்பக்கமாக வந்தவர்களில் ஒரு இளவட்டம் இருந்தான். தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்திருப்பான், அவளிடம் சீசா வாங்கும்போது மட்டும் விலக்குவான். பெயர் சுப்பன் என்றான். காதில் கடுக்கன், காலில் நல்ல செருப்பு, பேச்சில் பண்ணையத்துத் தோரணை. சுப்பன் இல்லை என்று பார்த்தவுடனே தெரிந்தது. தெரிந்தால் என்ன, மருந்து பெயருக்கா கொடுக்கிறது?

இப்படியிருக்க, அப்புசாமியின் மகள் ராஜம்மாளுக்கு மாப்பிள்ளை வந்தது. கபிலர்மலைப் பக்கத்துப் பெரிய பண்ணையக்காரர் மருதாசலத்தின் மகன் வெள்ளியங்கிரி. பெண் பார்க்க வருகிற அன்று, வண்டிகள் கொட்டகைப் பக்கம் நிற்கும் என்று கண்ணாத்தாளை வீட்டுக்குள் பருத்தி அறையில் வைத்து வெளியே நாதாங்கி போட்டார்கள். அறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு சிறிய சன்னல் மட்டும் இருந்தது.

பலகாரம் சாப்பிட்டு முடிந்தபின் மருதாசலம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சம்பந்தம்னா ஒளிவு மறைவு இருக்கப்படாதுங்க. உங்கூட்ல ஆருக்கோ கைகால் இழுப்புன்னு ஒரு பேச்சு காதுல விழுந்துது. எங்க வமுசத்துல அந்த மாதிரிச் சீக்கு, கசம் ஒண்ணும் கிடையாதுங்க. அதனால கேக்கறேன்."

அப்புசாமி கொஞ்சமும் தயங்கவில்லை. "அது என்ற தங்கச்சிங்க. பாவம், அவ செத்து ரொம்ப வருசமாச்சுங்க."

பருத்திப் பொதிக்கு நடுவில் உட்கார்ந்திருந்த கண்ணாத்தாள் தான் செத்துப்போன செய்தியை அப்படித்தான் தெரிந்துகொண்டாள். எழுந்து சன்னலில் கண்ணை வைத்தாள். மருதாசலத்துக்குப் பக்கத்தில் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தபடி மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தான். கன்னமெல்லாம் மருந்துப் பரு. சுப்பன்!

கதவைத் தட்டிக் கத்தியிருந்தால் இரண்டு வீட்டு மானமும் அந்தக் கூடத்திலேயே காறித் துப்பப்பட்டிருக்கும். ஆனால் அவன் அவளை நம்பி முகத்தைக் காட்டியவன். சன்னலை விட்டு வந்து பருத்தி மேல் உட்கார்ந்துகொண்டாள். கூடத்தில் நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை புளியமரத்தடிக்கு அவன் வந்தான். அவள் சீசாவை நீட்டினாள்.

"செத்தவ கையால குடுக்கற மருந்து உங்களுக்கு ஆகுமுங்களா?" என்றாள்.

அவன் விளங்காமல் பார்த்தான். "நான் அப்புசாமியோட தங்கச்சி" என்றதும் அவன் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"உங்கண்ணன்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இல்லை. உங்கய்யனே சொல்லலியே. வமுசத்துல கசம் இல்லீன்னு எங்கூட்டுக் கூடத்துல உக்காந்து பேசுனாரே."

"நான் வேண்டாம்னுதானுங்க சொன்னேன். கண்ணாலம் பண்ணுனா சரியாப் போயிருமுன்னு அவருதான்..."

"எனக்கும் அப்படித்தான் பண்ணுனாங்க. சரியாப் போனதைப் பாத்தீங்கள்ல?"

அவன் அழுதுவிட்டான். வளர்ந்த ஆம்பிளை, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு. கண்ணாத்தாளுக்கு அவன் மேல் கோபம் இருந்தது, ஆனால் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"மருந்து குடுக்கறதை நிறுத்த மாட்டேன். வெளியில சொல்லவும் மாட்டேன். பொண்ணு வீட்டுல நீங்களே சொல்லுங்க."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் புள்ளைகிட்ட மட்டும் நீங்க சொல்லிப் போடுங்க" என்றான். சொல்வதற்குக்கூட அவனுக்கு ஒரு பொம்பளை தேவைப்பட்டாள்.

கண்ணாத்தாள் சொன்னதும் ராஜம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டாள். "நின்னு போயிருமுங்களா அத்தை?"

"எனக்கு நிக்கலை. குறையும்."

"அவரு எப்படி?"

"கெட்டவன் இல்லை. தைரியம் பத்தாது."

அந்தப் பெண் வாளியைக் கீழே வைத்தாள். "சீக்குக்காக வேண்டாம்னு சொல்ல மாட்டேன். அவங்கய்யன் வந்து நம்ம வாசல்ல நின்னு, எம் பையனுக்கு இது இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். சொன்னா நான் கட்டிக்கறேன்."

தகப்பனிடமும் அதையே சொன்னாள். எது இருக்கிறது என்று சொல்லவில்லை, மறைக்கிறதைச் சொல்லட்டும் என்றாள். அப்புசாமி போய்ச் சாடையாகக் கேட்டார். மருதாசலம் ஆடித் தீர்த்தார். என் குடும்பத்தைச் சந்தேகப்பட நீ யார், உன் வீட்டில்தான் சீக்கு, செத்தவள் என்றாயே, அவள் ஆஸ்பத்திரி மரத்தடியில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறாளே! அவருக்கு அதுவும் தெரிந்திருந்தது. பொய் என்று தெரிந்தே, தன் பொய்க்கு அது ஈடு என்று கணக்குப் போட்டு வந்திருந்தார். கெட்டிக்கார மனிதர். சம்பந்தம் முறிந்தது. சந்தைக்குச் சந்தை அப்புசாமி வீட்டு ரத்தத்தைப் பற்றிப் பேசினார்.

"நீதான்டி கெடுத்தே" என்று அப்புசாமி தங்கையின் துணிமணியை வாசலில் வீசினார்.

"செத்தவளைத் திட்டி என்னங்கண்ணா ஆகப்போவுது?" என்று சொல்லிவிட்டு, துணிகளைப் பொறுக்கிக்கொண்டு அவள் ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். எஸ்தர் அம்மாள் சாமான் அறையை ஒழித்துக் கொடுத்தார். ராஜம்மாளுக்கு இரண்டு வருசம் கழித்துக் கரூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கிடைத்தார். கல்யாணத்துக்கு முன்னால் அத்தையைப் பற்றி அவளே அவரிடம் சொன்னாளாம்.

வெள்ளியங்கிரி அதற்குப் பிறகு வருவதை நிறுத்திவிட்டான். அவனுக்குத் திருச்செங்கோட்டுப் பக்கத்தில் பெண் எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டபோது கண்ணாத்தாள் சாப்பிடாமல் இருந்தாள். சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொன்னால் புளியமரத்தடிக்கு இனி ஒரு வண்டி வராது என்றும் தோன்றியது. போகவில்லை.

அறுவடை முடிந்த சமயம், ஒரு வியாழக்கிழமை, முன்வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. படுதா இல்லை. புதுத் தாலி மினுங்க ஒரு பெண் இறங்கினாள். பின்னால் இறங்கியவன் வெள்ளியங்கிரி, நெற்றியில் ஆறாத காயத்தோடு. அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார வைத்தாள். அவள் பெயர் ராமாயி.

"இவரு ஊட்ல பேய்ங்கறாங்க. இவரு மருந்துங்கறாரு. மருந்து இருக்குறப்ப எதுக்குங்க பேய்?" என்றாள்.

கண்ணாத்தாள் தன்னையறியாமல் கேட்டுவிட்டாள்: "முந்தியே தெரிஞ்சிருந்தா கட்டியிருப்பியா, கண்ணு?"

"கேட்டிருந்தாப் பதில் சொல்லியிருப்பேன். ஆரும் கேக்கலியே!" ராமாயி திரும்பி அவளை உற்றுப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"சொல்லலை."

"சொல்லலை."

"நல்லா இருங்க" என்றாள் ராமாயி. வாழ்த்து இல்லை அது. அன்றைக்கு அதற்கு மேல் அவளிடம் பேசவில்லை. ஆனால் அடுத்த வியாழக்கிழமையும் அவனை இழுத்துக்கொண்டு முன்வாசல் வழியாகவே வந்தாள். அதற்கடுத்த வாரமும். காத்திருக்கும் நேரத்தில் சும்மா இருக்க முடியாதவள். புளியமரத்தடிக்குப் போய்ப் படுதாக்களை விலக்கி, "இறங்குங்க, முன்னாடி எடம் இருக்குது" என்று வண்டிகளை விரட்டினாள். கண்ணாத்தாள் இத்தனை வருசம் செய்யத் துணியாதது. இரண்டு வண்டிகள் கோபித்துக்கொண்டு திரும்பிப் போயின. மற்றவர்கள் முனகிக்கொண்டே இறங்கி வந்தார்கள். அதில் கிணற்றடி வழுக்கலும் ஒன்று.

மருதாசலம் மருமகளைத் திட்டிப் பார்த்தார், அவள் அப்பனை வரச்சொல்லிப் பார்த்தார். கடைசியில், மகன் விழுவது குறைந்ததும், தான்தான் நல்ல வைத்தியம் பார்த்ததாகச் சந்தையில் சொல்லிக்கொண்டார்.

உலகச் சண்டைக் காலத்தில் மருந்து கப்பலில் வருவது நின்று, சீசாக்கள் பாதியும் கால்வாசியுமாக நிரம்பின. எஸ்தர் அம்மாளை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். கண்ணாத்தாளுக்கு மறுபடி அடிக்கடி வலிப்பு வந்தது. சில வியாழக்கிழமைகளில் பேச்சின் நடுவிலேயே சரிந்துவிடுவாள். ராமாயி அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே தன் முந்தானையை மடித்து வைத்துவிட்டு, வேடிக்கை பார்க்க நெருங்கியவர்களை அதட்டுவாள்: "என்ன கூட்டம்? காத்து உடுங்க. அடுத்தது ஆரு? வாங்க, உக்காருங்க, எப்பத்திலிருந்து விழறீங்க?"